துப்பாக்கி உதைச்ச தடம்

இந்தப் பையக் கொஞ்சம் ஒங்க மடியில வச்சுக்கிடுதியளா? இந்த பஸ்ஸுல மேல வச்சா எவனாவது மூட்டையத் தூக்கிப் போட்டு நசுக்கிருவான். உள்ள கல்யாணப் பத்திரிகை இருக்கு. எம்மவ பெனிட்டாவுக்கு. வார மாசம்.

அப்படியே நீங்க இந்தப் பக்கம் வந்திருங்களேன், நான் சன்னலுக்குப் போயிருதேன். காத்துக்காக இல்ல. எனக்கு எடது காது சுத்தமாக் கேக்காது. நீங்க அந்தப் பக்கம் இருந்து பேசினா நான் பாட்டுக்கு மாடு மாதிரி தலையாட்டிக்கிட்டு வருவேன். ஆங், இப்பச் சரி.

ஆமா, போலீஸ்தான். எப்படிக் கண்டுபிடிச்சிய? சேல கட்டினாலும் தெரிஞ்சுருது, என்ன செய்ய. ஸ்டேஷன்ல கேசு எழுதுத போலீஸ் இல்ல. ஆயுதப்படையில ஏட்டு. பாக்கியசீலின்னு பேரு. கவாத்து, காவல், துப்பாக்கி, இதுதான் நம்ம வேல. சுடுதளத்துல பொம்பளப் பிள்ளையளுக்குச் சுடச் சொல்லிக் குடுக்கிறது நான்தான். மாவட்டத்துல எத்தன கோப்பை வாங்கியிருக்கேன்னு எங்க வீட்டு அலமாரிய வந்து பாருங்க.

சாத்தூர்ல ஒருத்தி வீட்டுக்குப் போயிட்டு வாரேன். பத்திரிகை வைக்கத்தான் போனேன். ரெண்டு கையாலயும் வாங்கினா. காப்பி போட்டுக் குடுத்தா. "வர மாட்டேன்க்கா"ன்னுட்டா. மூஞ்சிக்கு நேர. எப்படி இருக்கும் சொல்லுங்க. கோவில்பட்டி தாண்டுத வர எனக்கு மனசே ஆறல. யார்ட்டயாவது சொன்னாத்தான் ஆறும். நீங்க தூங்கலியே?

முப்பிடாதின்னு அவ பேரு. எங்க ஊர்ப் பக்கத்து அம்மன் பேரு. நாங்க முப்பின்னுதான் கூப்பிடுவோம். என்னவிட ஆறேழு வயசு கொறைவு. ட்ரெயினிங் முடிச்ச நாள்லருந்து ஆபீஸ்லயே உக்காந்து வேல பாத்தவ. வருஷா வருஷம் எல்லாரும் சுட்டுக் காட்டணும்ல, அன்னைக்குப் பாத்து அவளுக்குக் காய்ச்சல் வந்துரும், பிள்ளைக்கு வயித்தால போகும். இப்படியே ஓட்டிட்டா. அப்பந்தான் புதுசா ஒரு டி.எஸ்.பி அம்மா வந்தாவ. கண்டிசனான ஆளு. "சுடத் தெரியாதவளுக்கு எதுக்குக் காக்கிச் சட்டை? பாக்கியசீலி, இவ ஒம் பொறுப்பு. பொங்கலுக்குள்ள சுடல, நான் மேல எழுதி அனுப்பிருவேன்"னுட்டாவ.

முப்பி எங்கிட்ட வந்து நின்னா. "அக்கா, இந்த வேல போச்சுன்னா நான் எங்க போவேன்?"ன்னா.

"எங்க போவ, வீட்டுக்குத்தான் போவ"ன்னு நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

மொத நாள் பெரிய துப்பாக்கியவே குடுத்துட்டேன். த்ரீ நாட் த்ரீன்னு சொல்லுவோம், பழைய காலத்துத் துப்பாக்கி. கழுத மாதிரி உதைக்கும். குண்டு முன்னால போகும்போது துப்பாக்கி பின்னால வந்து தோள்ல ஒரு இடி இடிக்கும் பாருங்க, அதுக்குத்தான் உதைன்னு பேரு. படுத்துக்கிட்டு, துப்பாக்கியோட அடிக்கட்டைய தோள்ல அணச்சு, கன்னத்த ஒட்டி வச்சுச் சுடணும். இவ என்ன செய்தா தெரியுமா? விசைய தொட்டதும் ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிட்டா. தோள வெடுக்குன்னு பின்னால இழுத்துக்கிட்டா. தலையக் கவுத்து ரெண்டு கைக்குள்ளயும் கொண்டு போயிட்டா. துப்பாக்கி இன்னும் வெடிக்கவே இல்ல, அதுக்குள்ள! பொறவு வெடிச்சுது. குண்டு பத்தடிக்கு முன்னாலேயே மண்ணுல போயிக் குத்துச்சு. சுத்தி நின்ன பயலுவ எல்லாம் சிரிச்சானுவ. நான் ஒரு அதட்டு அதட்டினேன்.

உதைக்குப் பயப்படுத ஆள நான் நெறையப் பாத்திருக்கேன். தேத்திரலாம். ஆனா இவ மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்ல. எல்லாரும் வெடிச்ச பொறவுதான் பயப்படுவாவ, ரெண்டாவது ரவுண்டுலதான் கண்ண மூடுவாவ. இவ மொத ரவுண்டுக்கே, அது எப்படி இருக்கும்னு தெரியுறதுக்கு முன்னாலேயே, வாங்கிப் பழக்கப்பட்ட மாதிரி சுருண்டுக்கிட்டா. அதான் எனக்கு ஆச்சரியம்.

அவ வீட்டுக்காரர் சங்கரவேலுதான் தெனம் வண்டியில கொண்டு வந்து விடுவாரு, வந்து கூட்டிட்டுப் போவாரு. மோட்டார் காயில் கட்டுத கட வச்சிருந்தாரு. தங்கமான மனுஷன், சொல்லுதேன் கேளுங்க. பீடி கெடையாது, குடி கெடையாது. என்னயக் கண்டா, "அக்கா, இவ சரியான பயந்தாங்கொள்ளி. நீங்கதான் பாத்துக்கிடணும்"பாரு. ஒரு நாள் அவ தலையில ஏதோ வேப்பெலை ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. எடுத்துவிடலாம்னு இவரு கையத் தூக்கினாரு. அவ்வளவுதான். இவ கண்ண மூடி, தோள இழுத்து, தலையக் கவுத்து... அச்சு அசல் சுடுதளத்துல செய்த மாதிரியே! எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. "ஏட்டி, ஒங்க வீட்டுக்காரர் கையிலயும் துப்பாக்கி இருக்குன்னு நெனச்சியா?"ன்னு கேட்டேன். அவரும் சிரிச்சாரு. வண்டியில ஏறிப் போகையில அவ என்னத் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா.

பெரிய துப்பாக்கிய ஒதுக்கி வச்சுட்டேன். சின்னது ஒண்ணு இருக்கு, பாயிண்ட் டூ டூன்னு, அது உதைக்கவே செய்யாது, பட்டாசு மாதிரி டப்புன்னு கேக்கும். அதுக்கும் முந்தி, குண்டே போடாம வெறும் துப்பாக்கிய வச்சு. மரத்து நெழல்ல படுக்கப் போட்டு, குழல் நுனியில ஒரு ஒத்த ரூவாத் துட்ட வச்சிருவேன். விசைய இழுக்கணும், துட்டு விழப்படாது. எலுமிச்சம்பழத்தப் பிழியுத மாதிரி மெதுவா, மெதுவா. பாதி மூச்ச விட்டுட்டு நிறுத்திக்கிடணும். எப்ப வெடிக்கும்னு சுடுதவளுக்கே தெரியப்படாது. தெரிஞ்சா ஒடம்பு முந்திக்கிடும், பாத்துக்கிடுங்க. துட்டு விழுந்து விழுந்து அந்த எடத்துல குழி விழுந்துச்சு. ஆனா அவ எந்திரிச்சுப் போகல. வெயிலு நெழல விரட்டும், இவ பாயோட நெழலுக்குப் பின்னாலேயே நகந்து போய்ப் படுத்துக்கிடுவா.

பொறவு இன்னொரு வித்தை. குண்ட நான்தான் போடுவேன். சில நேரம் நெஜக் குண்டு, சில நேரம் வெறும் டம்மி. எது உள்ள இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. டம்மியா இருந்தா வெடிக்காது, ஆனா அவ ஒடம்பு சுருங்குறது அப்படியே தெரிஞ்சுரும். "பாத்தியா, ஒண்ணுமே வரல, நீயா எதுக்குச் சுருங்குத?"ன்னு கேப்பேன். "எப்ப வரும், எப்ப வராதுன்னு தெரியலக்கா. அதான் எப்பவுமே சுருங்கிருது"ன்னா.

அப்பந்தான் நான் அவளுக்குச் சொன்னேன். இது எந்தப் பாடத்துலயும் கெடையாது, நானா கண்டுபிடிச்சது. அவ பக்கத்துல படுத்துக்கிட்டு, காதுகிட்டப் போய்ச் சொன்னேன். "முப்பி, வரப் போறது வரத்தான் செய்யும். அத நீயும் நானும் நிறுத்த முடியாது. ஒடம்ப எடுத்தேன்னு வையி, கட்டைக்கும் தோளுக்கும் எடவெளி விழும், எடவெளி விழுந்தா அடி ரெண்டு மடங்கா விழும். அதனால விலகாத. ஒட்டிக்க. இறுக்கி ஒட்டிக்க. கண்ண மூடாத. ஒடம்ப லேசாக்கிக்க. வந்தா வாங்கிக்க. வாங்கி முடிச்சாப் போச்சு, ஒண்ணும் ஆகாது. கண்ணத் தெறந்து வச்சிருந்தா அது எவ்வளவு சின்ன விஷயம்னு தெரியும்."

அவ துப்பாக்கிய விட்டுட்டு என்னத் திரும்பிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"ஒங்களுக்கு இத யாருக்கா சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டா.

"எனக்கு யாரு சொல்லிக் குடுப்பா? எல்லாம் வீட்டுலருந்தே வந்த பழக்கம்தான்"னேன். "பேச்ச விடு, துட்ட எடுத்து வையி"ன்னேன்.

பெரிய துப்பாக்கிய திரும்பக் குடுக்கும்போது தோளுக்கு ஒரு துண்ட மடிச்சு வைப்போம்னு அவள டிரெஸ் மாத்துத ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். சட்டைய ஒரு பக்கம் எறக்கினா. எடது தோளு நீலம் பாஞ்சு கெடக்கு. பின்னால முதுகு வரைக்கும். ஓரமெல்லாம் மஞ்சள் விழுந்துட்டுது. "ஏட்டி, ஒனக்கு வலது கைதான? எடது தோள்ல எங்க வச்சுச் சுட்ட?"ன்னு கேட்டேன்.

"எங்கயோ இடிச்சுட்டேன்க்கா"ன்னா.

நான் மேல ஒண்ணும் கேக்கல. பொம்பள ஒடம்பு எங்கயாவது இடிக்கத்தான் செய்யும். எனக்கும்தான் இடிக்கும். எங்க வீட்டு வாசல் நிலை ரொம்பத் தாழ்வு, எங்க வீட்டுக்காரரோட அப்பா காலத்துல கட்டுன வீடு. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனா எல்லாரும், "என்ன பாக்கியசீலி, நெத்தியில?"ன்னு கேப்பாவ. "நிலை இடிச்சுட்டு"ம்பேன். அவ்வளவுதான். கைப்பையில தைலம் வச்சிருந்தேன், எப்பவும் வச்சிருப்பேன். தடவி விட்டேன். எந்த எடத்துல அழுத்தணும், எந்த எடத்துல அழுத்தப்படாதுன்னு எனக்குத் தெரியும். "ஒங்க கை சொகமா இருக்குக்கா"ன்னு அழுதா. தைலம் கண்ணுல பட்டிருக்கும்.

அந்த நேரம் சங்கரவேலுக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு மில்லுல வேல வந்துது. மோட்டாரெல்லாம் மழையில மூழ்கிப் போச்சுன்னு, ஒரு மாசம் போல அங்கயே தங்கிட்டாரு. முப்பி தனியா பஸ்ஸுல வருவா. பிள்ள, அது பொட்டப் பிள்ள, அப்ப ஒண்ணாப்பு படிச்சுது, அதையும் சில நாள் கூட்டிட்டு வருவா. அந்த மாசத்துல அவ சுட்டா பாருங்க! எனக்கு இப்பச் சொல்லும்போதுகூட மேல் சிலுக்குது. கண்ணு மூடல. தோளு அசையல. வெடிச்ச பொறவும் கன்னம் கட்டையில அப்படியே ஒட்டி இருக்கு. அட்டையில ஓட்டையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா, ஒரு இட்லி வட்டத்துக்குள்ள விழுந்திருக்கு. நான் அந்தத் துண்டு மடிச்சு வச்சதுதான் காரணம்னு எல்லார்ட்டயும் சொன்னேன். டி.எஸ்.பி அம்மா வந்து பாத்துட்டு, "பாக்கியசீலி, இவள நம்ம டீம்ல போடு, மண்டலப் போட்டிக்குத் திருச்சிக்கு அனுப்புவோம்"னாவ. முப்பி அன்னைக்குச் சிரிச்சத நீங்க பாத்திருக்கணும். அவளுக்குத் தெத்துப்பல்லு இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரர் ஊர்லருந்து வந்தாரு. திருச்சிக்கு விட மாட்டேன்னுட்டாரு. ஆம்பளையளும் வருவாவ, ராத்தங்கணும், அதெல்லாம் சரிப்படாதுன்னு. முப்பி எங்கிட்ட சொன்னா. நான் விடுவேனா? எத்தன நாளு வெயில்ல கெடந்து தேத்தின பிள்ள! நானே அவ வீட்டுக்குப் போனேன். அவ, "வேண்டாங்க்கா, நீங்க வராதிய, போட்டி கெடக்கட்டும்"னு எத்தனையோ சொன்னா. நான் கேக்கல. சங்கரவேலு நாற்காலியத் தொடச்சுப் போட்டாரு. டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு. நான் எல்லாம் எடுத்துச் சொன்னேன். "நான் பொறுப்பு தம்பி, எங்கூடவே படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்துருதேன்"னேன். "நீங்க சொன்னா மறுப்பு உண்டாக்கா"ன்னாரு. சிரிச்ச மொகமாத்தான் சொன்னாரு. முப்பி அடுக்களை வாசல்ல நின்னா. நான் எறங்கி வரும்போது, "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்கக்கா"ன்னா. "இன்னும் கொஞ்ச நேரம்"னா. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

மறுநாள் அவ வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல.

அதுக்கடுத்த நாள் டி.எஸ்.பி அம்மா என்ன வரச் சொன்னாவ. போனா, முப்பி அங்க நிக்கா. சங்கரவேலும் ஒரு பக்கம் கை கட்டி நிக்காரு. டி.எஸ்.பி அம்மா சொன்னாவ, "இவ, புருஷன் அடிக்கான்னு சொல்லுதா. கல்யாணம் ஆனதுலருந்து அடிக்கானாம். அவரு, ஒரு நாளும் கை வச்சதில்ல, துப்பாக்கி உதைச்ச தடத்தக் காட்டி என்ன மாட்டிவிடுதா, திருச்சிக்கு விடலங்குற கோவம்னு சொல்லுதாரு. இவ ஒம் பேரச் சொல்லுதா, அக்கா பாத்திருக்காவன்னு. நீ சொல்லு பாக்கியசீலி. நீ பாத்தது துப்பாக்கித் தடமா, இல்லையா?"

எல்லாரும் என்னையே பாக்காவ. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க. ஒரு குடும்பம். ஒரு பொட்டப் பிள்ள. நான் ஒரு வார்த்த சொன்னா அந்த மனுஷன் உள்ள போயிருவாரு. பொறவு அவ யாரு கூட வாழுவா? கோவம் ஆறின பொறவு, என்னக் குடும்பத்தப் பிரிச்சவன்னு அவளே சொல்ல மாட்டாளா? புருஷன்னா ரெண்டு கோவம் வரும், போகும். எங்க வீட்டுக்காரருக்கு வராத கோவமா? அவியளுக்குக் கை கொஞ்சம் நீளுந்தான், ஆனா நாலு பேரு முன்னால என்ன எங்கயும் விட்டுக்குடுத்ததில்ல. இந்தக் காது போன அன்னைக்கு அவியதான் என்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ. வெளிய நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதாவ. டாக்டரு, எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. சுடுதளத்துல சத்தத்துல போச்சுன்னு சொன்னேன். துப்பாக்கி சுடுதவியளுக்கு எடது காதுதான் மொதல்ல போகும், அது ஊருக்கே தெரிஞ்சது. டாக்டரும் ஒத்துக்கிட்டாரு. அத்தோட முடிஞ்சுது. ஒரு வார்த்தையில ஒரு குடும்பம் நின்னுதா இல்லையா?

அதனால சொன்னேன். "துப்பாக்கி உதைச்ச தடந்தாம்மா. புதுசாச் சுடுதவியளுக்கு எல்லாருக்கும் வாரதுதான்."

"நல்லாத் தெரியுமா?"ன்னு கேட்டாவ.

"இத்தன வருஷமாச் சொல்லிக் குடுக்கேன், எனக்குத் தெரியாதாம்மா?"ன்னேன்.

டி.எஸ்.பி அம்மா ரெண்டு பேருக்கும் நல்ல புத்தி சொன்னாவ. விட்டுக்குடுத்துப் போங்க, பிள்ளைய நெனச்சுக்கிடுங்கன்னு அனுப்பிச்சாவ. வெளிய வந்ததும் சங்கரவேலு என் கால்ல விழாத கொற. "ஒங்கள மறக்க மாட்டேன்க்கா"ன்னாரு. முப்பி அழுவா, சண்ட போடுவான்னு நெனச்சேன். ஒண்ணும் செய்யல. வண்டியில பின்னால ஏறி உக்காந்தா. உக்காந்துட்டு என்னப் பாத்தா. கண்ணு சிமிட்டவே இல்ல. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே.

திருச்சிக்கு அவ வரல. கை ஒடிஞ்சுட்டுன்னு தாக்கல் வந்துது. கை இல்ல, வலது பக்கத்துக் காரை எலும்பு, கழுத்துக்குக் கீழ தோளோட சேருத எடம். ஸ்கூட்டர்லருந்து விழுந்துட்டாள்னு சங்கரவேலு சொன்னாரு. நான் போட்டிக்குப் போயிட்டேன், பாக்கப் போக முடியல. திரும்பி வந்து ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனா, கட்டில் காலியாக் கெடக்கு. அங்கயிருந்தே ஆட்டோ பிடிச்சு, பள்ளிக்கூடத்துலருந்து பிள்ளையக் கூட்டிக்கிட்டு, அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாளாம். பொறவு வேற ஒரு அதிகாரிய போய்ப் பாத்திருக்கா. என் பேர அங்க சொல்லல. மாத்தல் வாங்கி விருதுநகர் மாவட்டத்துக்குப் போயிட்டா. இப்ப கண்ட்ரோல் ரூம்ல மைக்கு முன்னால உக்காந்து வேல. எலும்பு கோணலாக் கூடிட்டுதாம். துப்பாக்கிக் கட்டைய வைக்க அந்தத் தோள்ல இனி எடமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாராம். எனக்கு அதக் கேட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல. எப்பேர்ப்பட்ட கையி! மாநிலத்துல போய் நின்னிருப்பா. நான் தேத்துன ஆள்ல அவள மாதிரி ஒருத்தி வரல, இனியும் வர மாட்டா.

அஞ்சாறு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் தவறியும் ரெண்டு வருஷம் ஓடிப் போச்சு. மக கல்யாணம்னு வந்ததும், மொதப் பத்திரிகைய கர்த்தர் பாதத்துல வச்சேன், அடுத்தது முப்பிக்குன்னு மனசுல தோணிச்சு. போயிட்டேன். சின்ன வீடுதான், நல்லா வச்சிருக்கா. மக பெரிய பிள்ளையா வளந்துட்டு, கேரம் போர்டு ஆடிக்கிட்டு இருந்துது, யாரையோ பாத்துக் கத்திச் சிரிக்குது. அந்தப் பிள்ள முந்தி வாயே தெறக்காது, தெரியுமா?

"அக்கா, நீங்க எனக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திய"ன்னா முப்பி. "அத மறக்க மாட்டேன். கண்ணத் தெறந்து பாருன்னிய. பாத்தேன். ஆனா கல்யாணத்துக்கு வர மாட்டேன், கோவிச்சுக்கிடாதிய."

"நான் ஒனக்கு என்னட்டி செய்தேன்?"ன்னு கேட்டேன்.

அவ பத்திரிகையப் பிரிச்சு வாசிச்சா. "மாப்ள எப்படிக்கா?"ன்னு கேட்டா.

"நல்ல பையன். நல்ல வேல. கொஞ்சம் முன்கோவம் உண்டுன்னு சொல்லிக்கிடுதாவ. அதெல்லாம் போகப் போகச் சரியாயிரும். பெனிட்டா எதையும் தாங்கிக்கிடுவா, என் வளப்புல்லா"ன்னேன்.

பத்திரிகைய மடிச்சுக் கீழ வச்சுட்டா. "பெனிட்டாவ ஒரு தடவ எங்கிட்ட அனுப்பி வைங்க"ன்னா. "கல்யாணத்துக்கு முந்தியோ பிந்தியோ. எப்ப வேணும்னாலும் வரலாம், கேட்டு வர வேண்டாம், இந்த வீட்டுக் கதவு தெறந்திருக்கும்னு சொல்லுங்க."

எதுக்கு அப்படிச் சொல்லுதான்னு எனக்கு வெளங்கல. ஆனா கோவம் வந்துட்டு. கல்யாணத்துக்கு வர மாட்டாளாம், பிள்ளைய மட்டும் அனுப்பணுமாம். எந்திரிச்சுட்டேன். "முப்பி, நான் அன்னைக்கு ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன். நானும் ஒரு பொம்பளதான, எனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டேன்.

அவ மெதுவாத்தான் சொன்னா. "ஒங்களுக்குத் தெரியும்னுதானக்கா ஒங்க பேரச் சொன்னேன். வேற யாரு பேரையும் சொல்லலியே."

அதுக்கு மேல அங்க எனக்கு நிக்க முடியல. காப்பிய அப்படியே வச்சுட்டு வந்துட்டேன். பஸ் ஏறினதுலருந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டு வாரேன். எங்க வீட்டு விஷயம் எங்க அம்மைக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்குத் தெரியாது. பெனிட்டாவுக்கே தெரியாது, அப்பா சத்தம் போட்டா அவ போயி போர்வைக்குள்ள படுத்துக்கிடுவா, கொழந்ததான. கர்த்தர் சத்தியமாச் சொல்லுதேன், இத்தன வருஷத்துல நான் ஒருத்தர்ட்டயும் வாயத் தெறந்ததில்ல. இவளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், நீங்களே சொல்லுங்க.

என்னம்மா, எதுக்கு என் கையப் பிடிக்கிய? விடுங்க. எனக்கென்ன, நான் நல்லாத்தான இருக்கேன்.